நாற்றம் போன பிறகு

டீச்சர் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். காப்பி போடுவதற்கு அல்ல, அவர் காப்பி குடிப்பதை விட்டு வருஷக்கணக்காகிறது. அடுத்து சோப்பு. அதற்கும் அடுத்து ஒரு வெங்காயம். மூன்றும் மூக்குக்கு எட்டினால்தான் மூஞ்சி கழுவப் போவார். இதை என்னிடம் சொன்னது அவருடைய அக்கா. அக்காவுக்கு மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை, டயர் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருவரும் குடியிருந்தார்கள். "உங்க டீச்சருக்கு மூக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, என்னன்னு கேளுங்க" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குக் காரணம் தெரியும், அதில் என் பங்கு எவ்வளவு என்பதும் தெரியும்.

நான் வேன் ஓட்டியவன். மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்கிறவர்களுக்கு, மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் கெடுக்காமல் வேலை செய்வது எப்படி என்று பயிற்சி கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. டீச்சர் பாடம் நடத்துவார், நான் வாசலில் சாய்ந்து நின்று கேட்பேன். ஒன்பது வருஷம் ஒரே பாடத்தைக் கேட்டால் கழுதைகூடப் பட்டம் வாங்கிவிடும். எனக்கு மட்டும் இன்னும் யாரும் தரவில்லை.

பண்ணை ஆட்கள் முதுகுக்குப் பின்னால் அவரைச் சாணி டீச்சர் என்பார்கள், முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள். அவருக்கு இரண்டும் தெரியும். சாணி போடாத மாடு ஒன்றைக் கொண்டுவந்து காட்டுங்கள், நான் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்பார். அவர் மேடையில் பிறந்த ஆள் இல்லை. பதினாறு வயதில் பால் கறக்க வந்து, பதினைந்து வருஷம் ஒரே பண்ணையில் இருநூறு மாடுகளுக்கு நடுவில் நின்றவர். ஒருநாள் அங்கே பயிற்சி கொடுக்க வந்த ஒரு படித்த பையன், மத்தியானம் சாணத்தை வழித்துவிட்டுப் பிறகு தண்ணீர் விடுங்கள், தண்ணீர் மிச்சமாகும் என்று சொன்னான். மத்தியானம் வரை விட்டால் காய்ந்துபோகும், அப்புறம் சாணம் வழியாது, வழிக்கிற கட்டைதான் தேயும், கறவை முடிந்த கையோடு ஈரத்தில் வழித்தால் பாதித் தண்ணீர் போதும் என்று இவர் கூட்டத்திலிருந்து சொன்னார். அந்தப் பையன் நல்லவன், வெட்கப்படாமல் எழுதிக்கொண்டு போனான். அடுத்த வருஷம் அவனுடைய வேலையே இவருக்கு வந்தது.

அவரிடம் இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் இருக்கும். எந்தப் பண்ணைக்குப் போனாலும் முதலில் ஓடைக்குப் போவார். பண்ணைக்கு மேலே ஒரு பாட்டில், பண்ணைக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எந்தப் பாட்டிலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள் என்று மட்டும் கேட்பார். அதற்குப் பிறகு தொழுவத்தைக் கழுவிய தண்ணீரை ஓடையில் விடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவை இருக்காது.

கேலி பேசுகிறவர்களையும் அவர் விடமாட்டார். மாடு விடும் ஏப்பத்தால் பூமி சூடாகிறது என்று சொன்னபோது ஒருவன் எழுந்து, எங்க மாமியார் விடுற ஏப்பத்துக்கு என்ன கணக்கு அக்கா என்று கேட்டான். அதற்கு இன்னும் அலுவலகத்தில் அளவுக்கருவி வாங்கவில்லை, வாங்கினதும் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் என்றார் டீச்சர். அறையே குலுங்கியது. சிரித்த வாய் மூடுவதற்குள் பாடத்தை உள்ளே தள்ளிவிடுவார். அந்த வித்தையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

பிறகுதான் மூடித் திட்டம் வந்தது. பண்ணையில் சாணம், மூத்திரம், கழுவின தண்ணீர் எல்லாம் வாய்க்கால் வழியாக ஒரு பெரிய சிமெண்டுக் குழிக்குப் போகும். மாசக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும், வயலுக்கு உரம் வேண்டும்போது எடுப்பார்கள். எடுப்பதற்கு முன்னால், அடியில் படிந்ததும் மேலே ஓடு கட்டியதும் ஒன்றாகக் கலக்க வேண்டும். அதற்கு டிராக்டரில் மாட்டி ஓட்டும் நீளமான துடுப்பு ஒன்று உண்டு, கலக்கி என்பார்கள். அதுவரை குழிகள் எல்லாம் திறந்து கிடந்தன. இனிமேல் தடித்த விரிப்புப் போட்டு மூடுங்கள், ஒரு மூலையில் மட்டும் திறப்பு வையுங்கள், ஆவி வெளியே போகாது, மழைத்தண்ணீர் உள்ளே வராது, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாபம் கொடுக்கமாட்டார்கள் என்று அலுவலகம் சொன்னது. நல்ல திட்டம்தான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே வருஷத்தில் இருபத்து மூன்று பண்ணைகள் மூடி போட்டன. இருபத்து மூன்றிலும் டீச்சர்தான் பாடம் நடத்தினார்.

பதினேழாவதோ பதினெட்டாவதோ ஒரு பண்ணை. பால் குளிரவைக்கும் தொட்டி இருந்த அறையில் வகுப்பு. கவிழ்த்துப் போட்ட வாளிகளின்மேல் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வாளியில் நெட்டையன். அந்தப் பண்ணையில் அவன் குனியாமல் நுழைகிற வாசலே கிடையாது, உட்கார்ந்தாலும் எல்லார் தலைக்கும் மேலே அவன் தலை தெரியும். எதையும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்கிற ரகம். அவன் கை தூக்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் இன்றைக்குச் சோறு கிடைத்த மாதிரிதான் என்று முனகுவார்கள். அன்றைக்கும் முனகினார்கள்.

நானும் முனகினேன். இரண்டு மணிக்கு அடுத்த பண்ணையில் இருக்க வேண்டும், ஒரு மணி நேர ஓட்டம், வயிறு வேறு காய்ந்தது. வாசலில் நின்றபடி டீச்சர் பார்க்கும் விதமாக என் கைக்கடிகாரத்தை விரலால் இரண்டு தடவை தட்டினேன். அவர் பார்த்தார், பாட்டில்களைப் பையில் வைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் நெட்டையன் கேட்டான்.

"அக்கா, ஒரே ஒரு சந்தேகம். மாசக்கணக்கா மூடி வச்சதைத் திறந்து கலக்கும்போது நாத்தம் தாங்காதே, அப்ப என்ன பண்றது?"

"ஆரம்பத்துல அடிக்கும். கொஞ்ச நேரத்துல போயிடும். நாத்தம் போயிடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம்."

அவன் உதட்டுக்குள்ளேயே அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

டீச்சர் பொய் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் திறந்த குழிக்குப் பக்கத்தில் நின்றவர். கலக்கும்போது நாற்றம் குப்பென்று எழும்பும், காற்று அதை அடித்துக்கொண்டு போகும், பிறகு ஒன்றும் இருக்காது. அவருடைய மூக்கு படித்த பாடம் அது. மூடிய குழியைக் கலக்கி அவர் பார்த்ததே இல்லை. எங்கள் அலுவலகம் அச்சடித்துக் கொடுத்த தாளில் மூடி போடுவதற்குப் பன்னிரண்டு படிகள் இருந்தன, திறப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை எழுதியவர் எந்தக் குழிக்குப் பக்கத்திலும் நின்றவர் இல்லை.

ஐந்து மாசம் கழித்து, இலை அசையாத ஒரு காலையில், நெட்டையன் குழிக்குள் விழுந்து செத்துப்போனான். குடித்துவிட்டு வேலைக்கு வந்தான், தடுமாறி விழுந்தான் என்று பண்ணைக்காரர் சொன்னார். நெட்டையன் வாரக்கடைசியில் குடிப்பவன்தான், அது எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தப் பேச்சு சுலபமாக ஒட்டிக்கொண்டது. விசாரிக்க வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். பாவம், நல்ல மனுஷன், குடி கெடுத்துவிட்டது என்று வேனில் பேசிக்கொண்டு போனோம். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கு கூசுகிறது.

இரண்டு வாரம் கழித்து டீசல் போட வரிசையில் நின்றபோது அந்தப் பண்ணையின் டிராக்டர்காரரைப் பார்த்தேன். அன்றைக்குக் கலக்கியை ஓட்டியவர் அவர்தான். குழிக்கு இருபதடி தள்ளி, இருக்கையில் உட்கார்ந்திருந்ததால் பிழைத்தவர். நெட்டையன் வாயில் அன்று குடி வாடையே இல்லை என்றார். கலக்கி ஓட ஆரம்பித்ததும் அழுகின முட்டை நாற்றம், இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம். கொஞ்ச நேரத்தில் நெட்டையன் கையை எடுத்தான், மூச்சை இழுத்துப் பார்த்தான், இவரைத் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். இங்கே இன்னும் அடிக்கிறது என்று இவர் சொல்ல நினைத்தாராம், இயந்திரச் சத்தத்தில் சொல்லவில்லை. நெட்டையன் கத்திச் சொன்னது மட்டும் இவருக்குக் கேட்டது. "நாத்தம் போயிடுச்சு, சரியாயிடுச்சு." சொல்லிவிட்டுத் திறப்பின் மேல் குனிந்து எட்டிப் பார்த்தான்.

ஏன் இதை விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்கு அந்தப் பண்ணையில்தான் வேலை என்றார். அதற்கு மேல் அவரைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நான் சும்மா இருந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாத பிறவி நான், மறுநாள் வேனில் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். செத்தவர் கத்திச் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க அண்ணே என்றார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை சொன்னபோது கதவைத் திறந்துகொண்டு இறங்கி, சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மூக்கை மட்டும் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் ஒரு கால்நடை மருத்துவரைத் தேடிப் போய்க் கேட்டார். நானும் கூட நின்றேன். மூடிய குழிக்குள் சாணத்திலிருந்து கிளம்பி அடைந்து கிடக்கும் விஷ வாயு, கலக்கும்போது மொத்தமாக வெளியே வரும், குறைவாக இருந்தால் நாற்றம் அடிக்கும், அதிகமானால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும், அதனால் நாற்றம் போய்விட்டது போலத் தோன்றும், அடுத்து மூச்சு நின்றுவிடும் என்று மருத்துவர் சொன்னார். நாற்றம் திடீரென்று நின்றால் ஓட வேண்டும் என்றார். டீச்சர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் பழைய டீச்சர் இல்லை. வகுப்பில் தாள் கொடுக்கும்போது ஒரு தாள் அதிகமாக எடுத்துப்போய்க் கடைசியில் காலியாக இருக்கும் இடத்தில் வைப்பார். பாதிப் பாடத்தில் பேச்சை நிறுத்தி, எல்லார் தலைக்கும் மேலே, சுவரில் ஓர் உயரத்தைப் பார்ப்பார். அது எந்த உயரம் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை அந்த இடத்தைப் பார்த்து, சொல்லுங்க, என்ன சந்தேகம் என்று கேட்டார். அங்கே யாரும் இல்லை. ஆட்கள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள், அவரும் சிரித்துச் சமாளித்தார். வாசலில் நின்ற நான் அந்தக் கடைசி இடத்தைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தேன். பார்த்தால் அவன் உட்கார்ந்திருப்பானோ என்று பயம்.

வீட்டில் இன்னும் மோசம். அக்காவுக்குத் தெரிந்தது மூக்குப் பைத்தியம் மட்டும்தான். ஒரு சமயம் டீச்சருக்குச் சளி பிடித்தது. காலையில் காப்பித்தூள் மணக்கவில்லை, சோப்பு மணக்கவில்லை, வெங்காயமும் இல்லை. தலைக்குக் குளித்துக்கொண்டிருந்த அக்காவைத் துண்டோடு இழுத்துக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு ஓடிவந்துவிட்டார். டயர் கடைக்காரர் முதல் பால்காரர் வரை வேடிக்கை பார்த்தார்கள். சளிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தெருவுக்கு ஓடுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் நெஞ்சு குறுகுறுப்பது மட்டும் விஷயமாக இருந்தால் நான் இதை எழுதமாட்டேன். மிச்சம் இருபத்து இரண்டு பண்ணைகள் இருந்தன. அங்கேயும் இதே சந்தேகத்தை யாராவது கேட்டிருப்பார்கள், இவரும் இதே பதிலைச் சொல்லியிருப்பார். சொன்னேன் அண்ணே, எட்டு இடத்திலாவது சொன்னது நினைவிருக்கிறது, மற்ற இடத்தில் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ண முடியாது என்றார். அடுத்த மாசம் உழவு. எல்லாப் பண்ணையிலும் குழியைத் திறந்து கலக்குவார்கள்.

எங்கள் அலுவலக அதிகாரியிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை, நாற்காலிக்குப் பயந்தவர். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, அதை ஏன் கிளறுகிறீர்கள் என்றார். அலுவலகம் சொல்லிக்கொடுத்த பாடத்தால் ஒருவன் செத்தான் என்று வெளியே வந்தால் திட்டத்தையே மூடிவிடுவார்கள், குழிகள் மறுபடியும் திறந்து கிடக்கும், ஓடை மறுபடியும் நாறும், ஒன்பது வருஷ உழைப்பு போய்விடும் என்றார். காற்றோட்டமான நேரத்தில் கலக்கவும் என்று எல்லாப் பண்ணைக்கும் ஒரு கடிதம் போடலாம், அது போதும் என்றார். டீச்சர் ஒன்றுதான் கேட்டார்.

"சார், குழியைக் கலக்குறவங்க நம்ம கடிதத்தைப் படிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

அதிகாரி பேப்பர் வெயிட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். செத்தவனைப் பற்றி எங்கேயும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் வேலை இருக்காது என்றார் கடைசியில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவரும் சந்தோஷமாகச் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வெளியே வந்ததும் டீச்சர், வண்டி அலுவலகத்துடையது, நீங்கள் வர வேண்டியதில்லை, எல்லாப் பண்ணைக்கும் நானே பஸ்ஸில் போய் உண்மையைச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அப்போதுதான் டிராக்டர்காரரைப் பார்த்த நாளிலிருந்து மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"டீச்சர், அன்னைக்கு நான் கடிகாரத்தைத் தட்டினேன்."

"பாத்தேன் அண்ணே. ஆனா பதில் சொன்னது என் வாய்."

அவர் அதை என்மேல் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போடவில்லை. நான் வண்டியை எடுத்தேன். அந்தப் பயணத்தோடு எங்கள் இரண்டு பேருக்கும் வேலை போனது. அதற்காக அவர் ஒருநாள்கூட மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. இப்போது வேறொரு பண்ணையில் மறுபடியும் பால் கறக்கிறார், நான் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறேன்.

ஒன்பது நாளில் இருபத்து இரண்டு பண்ணை. ஒவ்வொன்றிலும் ஆட்களைக் கூப்பிட்டு நிற்கவைத்து, பாட்டில் இல்லாமல், கேலி இல்லாமல், ஒரே பேச்சு. நான் உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், அந்தத் தப்பால் ஒருவர் செத்துப்போனார், அவர் குடித்திருக்கவில்லை, நான் சொன்னதைத்தான் செய்தார் என்பார். பிறகு எப்படிக் கலக்க வேண்டும் என்பார். காற்று வீசுகிற நாளில் மட்டும், மாட்டையும் ஆளையும் தள்ளிப் போகச் செய்துவிட்டு, கலக்கி ஓடும்போது திறப்புக்குப் பக்கத்தில் யாரும் நிற்காமல். ஒருவர் விழுந்தால் தூக்க ஓடாதீர்கள், இரண்டாவது பிணம் நீங்கள்தான் என்பார். சில இடத்தில் கேட்டுக்கொண்டார்கள். சில இடத்தில், இதைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு ஓர் உயிர் வேண்டியிருந்ததா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஆமாம் என்றார் டீச்சர்.

ஆறாம் நாள் போன பண்ணையில் நாங்கள் வாசலில் நுழையும்போதே கலக்கிச் சத்தம். காற்றே இல்லை. குழியின் திறப்புக்குப் பக்கத்தில் ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார், எங்களைப் பார்த்ததும் சிரித்துக் கையசைத்தார். நான் கதவைத் திறந்துகொண்டு ஓடப் பார்த்தேன். டீச்சர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, ஹாரனை அடிங்க அண்ணே, கையை எடுக்காதீங்க என்றார். அடித்தேன். மாடுகள் மிரண்டன. அந்த ஆள் முதலில் சிரித்தார், பிறகு முறைத்தார், பிறகு கோபம் தலைக்கேறி எங்களைத் திட்டுவதற்காக விறுவிறுவென்று வண்டியை நோக்கி நடந்துவந்தார். வந்தவர் வாய் நிறையத் திட்டினார். நடுவில், நீங்க சொன்ன மாதிரியே நாத்தம் இப்பத்தான் நின்னுச்சு, அதுக்குள்ள எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம் என்றார். சொல்லி முடித்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், வாந்தி எடுத்தார். ஒரு மணி நேரத்தில் தெளிந்தார்.

நெட்டையன் பண்ணையைக் கடைசிக்கு வைத்திருந்தார். அங்கே குழியைப் பற்றிச் சொல்லித்தர ஒன்றும் இல்லை, அதைப் பண்ணைக்காரர் மண் போட்டு மூடிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கிடந்ததை மட்டும் எடுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. நெட்டையன் பெண்டாட்டி அதே பண்ணையில் கன்றுகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். நாங்கள் போனபோது கன்றுக்கு ரப்பர்க் காம்பு வைத்த வாளியில் பால் காட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் சொல்லச் சொல்ல வாளியை அவள் இறக்கவே இல்லை. கன்று குடித்து முடித்து வெறும் காம்பைச் சப்பிக்கொண்டிருந்தது.

"அப்ப அவரு குடிக்கலையா?" என்றாள்.

"குடிக்கலை. உங்க வீட்டுக்காரர் கேட்டார், நான் தப்பா சொன்னேன். அதை நம்பித்தான் அங்க நின்னார்."

அவள் டீச்சரைத் திட்டுவாள், ஓர் அறையாவது விடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். டீச்சர் அதற்காகவே நின்ற மாதிரி இருந்தது. அவள் வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். செத்த அன்றிலிருந்து தினமும் அவனைத் திட்டுவதாகச் சொன்னாள். விளக்கேற்றும்போது, படுக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, குடிகாரப் பாவி என்று. பிணத்தை எடுக்கும்போதும் திட்டினாளாம், அழவில்லையாம். மகளுக்குப் பத்து வயது, உன் அப்பன் குடித்தே செத்தான் என்று அவளிடம் இவளே சொன்னாளாம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அப்பா பேரைக் கேட்டால் வாயைத் திறப்பதில்லை, அப்பா சட்டை ஒன்று வீட்டில் இருந்ததைக் குப்பையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள் என்றாள்.

"நீங்க வந்து எம்பொண்ணுகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா இனிமே நம்ப மாட்டா."

டீச்சரின் மணிக்கட்டை அவள் பிடித்தாள். அந்தப் பிடியில் மன்னிப்பு எதுவும் இல்லை. கன்றுப் பால் நாறும் கையோடு, பண்ணைக்காரர் வாசலில் நின்று எங்கே போகிறாய் என்று கேட்டதைக் காதில் வாங்காமல், அவரை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். நான் வண்டியைப் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

மத்தியான மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தன. அந்தப் பெண் அப்பாவைக் கொண்டு பிறந்திருந்தாள், கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளையும்விட ஒரு தலை உயரம். அம்மாவையும் யாரோ ஒரு பெண்ணையும் பார்த்து மிரண்டு நின்றாள். டீச்சர் சுவரோரமாக அவள் உயரத்துக்குக் குனிந்து, வாளியில் உட்கார்ந்த பதினான்கு பேரையும், கேட்ட கேள்வியையும், தான் சொன்ன பதிலையும், அது எப்படித் தப்பு என்பதையும் ஒன்று விடாமல் சொன்னார். பெரியவர்களிடம் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னார். பிள்ளை கண் சிமிட்டாமல் கேட்டது. பிறகு அம்மாவைப் பார்த்தது, மறுபடியும் டீச்சரைப் பார்த்தது.

"அப்ப எங்கப்பா பாடத்தை நல்லா கவனிச்சாரா?" என்று கேட்டது.



"அங்க இருந்த எல்லாரையும்விட உங்கப்பாதான் நல்லா கவனிச்சார்" என்றார் டீச்சர்.